கேஸ் இருக்கு, லோன் வருமா?

வங்கிகளுக்கு லீகல் ஒப்பீனியன் எழுதித் தரும் வக்கீலாக 28 வருடம் இருந்துவிட்டேன். முதல் வீடு வாங்க வரும் பிள்ளைகள் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்பது ஒன்றுதான்: "சார், என் பேர்ல ஒரு சின்ன கேஸ் இருக்கு. லோன் வருமா?" அவர்களுக்கு நான் சொல்லிவந்தவை இவை.

1. கேஸ் உங்கள் பேரிலா, வாங்கப்போகும் வீட்டின் மேலா என்று முதலில் பாருங்கள். உங்கள் பேரில் என்றால் பெரும்பாலும் வழி உண்டு. வீட்டின் மேல் என்றால், எவ்வளவு சின்ன வழக்கானாலும் தள்ளி நில்லுங்கள். விற்பவரின் தங்கை பாகம் கேட்டுப் போட்ட வழக்கு வாய்தா வாய்தாவாக இழுத்துக்கொண்டிருக்கும். 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, வழக்கு நடக்கும்போது வாங்கியவரையும் அதன் தீர்ப்பு கட்டுப்படுத்தும். முழு விலை கொடுத்தேன், எனக்குத் தெரியாது என்பதெல்லாம் அங்கே எடுபடாது. அந்த வீட்டை அடமானமாக வாங்கும் வங்கிக்கும் அதே கதிதான். பிறகு எந்த வங்கி பணம் கொடுக்கும்?

2. வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதி அடையாதீர்கள். பதிவான ஆவணங்கள்தான் அதில் வரும். தமிழ்நாட்டில் ஒருவர் வழக்குப் போட்டதுமே அது தானாக வில்லங்கத்தில் ஏறிவிடாது. இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவர் பெயரையும் அவர் அப்பா பெயரையும் போட்டுத் தேடுங்கள். ஒரே பெயரை இங்கிலீஷில் நாலு விதமாக எழுதுவார்கள், நாலையும் போடுங்கள். பூர்வீகச் சொத்து என்றால், கூடப்பிறந்த பெண்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு உண்டு.

3. செக் கேஸைச் சின்னதாக நினைக்காதீர்கள். செலாவணி முறிச் சட்டத்தின் (Negotiable Instruments Act) 138-ஆம் பிரிவில் வருவது குற்ற வழக்கு. இரண்டு வருடம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளில் பணத்தைக் கட்டினால் வழக்கே வராது. பலர் அந்தத் தபாலைப் பிரிப்பதே இல்லை. வழக்கு வந்துவிட்டாலும் எந்தக் கட்டத்திலும் சமாதானமாகப் போகச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

4. மறைக்காதீர்கள். என்னிடம் ஒரு தம்பி வந்தான். சீட்டுப் பணத்துக்காக அவன் கொடுத்த 40,000 ரூபாய் செக் திரும்பி, கேஸாகியிருந்தது. நல்ல சம்பளம், நல்ல வேலை. ஆனால் விண்ணப்பத்தில் நிலுவை வழக்கு உண்டா என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டான். வங்கி தேடியபோது அகப்பட்டது, லோன் மறுக்கப்பட்டது. "கேஸுக்காக இல்லை சார், இல்லைன்னு எழுதினதுக்காக" என்றார் மேனேஜர். அந்தப் பையன் வீட்டுக்காரரிடம் கொடுத்திருந்த 2 லட்சம் அட்வான்ஸும் திரும்பி வரவில்லை. கேஸ் நம்பரும் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதும் ஒரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் போதும். இன்றும் எனக்கு அது வருத்தம்தான்.

5. சிபில் அறிக்கையில் பக்கத்து வீட்டு வாய்க்கால் தகராறு வராது. கடனும் கிரெடிட் கார்டும்தான் வரும். ஆனால் கார்டு பாக்கிக்காக வங்கியே உங்கள் மேல் வழக்குப் போட்டிருந்தால், அது குறிப்பாக ஏறும். பாதியைக் கட்டி முடித்துக்கொண்டால் 'செட்டில்டு' என்று பதிவாகும். அடுத்த வங்கி அதை முழுதாக அடைத்த கடனாகப் பார்க்காது. முடிந்தால் முழுதும் கட்டி நோ டியூ வாங்குங்கள். வருடத்துக்கு ஒரு முறை அறிக்கை இலவசம். லோன் கேட்பதற்கு முன்பே எடுத்துப் பாருங்கள்.

6. வண்டி விபத்து வழக்கா? விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ் நடப்பில் இருந்ததா என்பதுதான் முக்கியம். பாலிசி நகலைக் கையோடு வைத்திருங்கள்.

7. முடிந்துபோன வழக்குக்கும் காகிதம் வேண்டும். தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்கிவிடுங்கள். இன்னும் முடியாத சின்னப் பணத் தகராறு என்றால் லோக் அதாலத்துக்குப் போங்கள். அங்கே சமரசமாகி உத்தரவானால் அதன் மேல் அப்பீல் கிடையாது, கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அந்த உத்தரவை வங்கி தயங்காமல் ஏற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

8. அட்வான்ஸ் கொடுக்கும் முன், அக்ரிமென்டில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: வங்கி கடன் தர மறுத்தால், இத்தனை நாளுக்குள் முன்பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்று. எந்தக் காரணத்துக்காக மறுத்தாலும் என்பதையும் எழுத வையுங்கள். விற்பவர் அதற்கு ஒப்பவில்லை என்றால் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள்.