எலும்புருக்கி: உருகுவது எலும்பா, தசையா?

காசநோயை நம் பெரியவர்கள் ‘எலும்புருக்கி’ என்றார்கள். ‘சயரோகம்’ என்றும் சொல்வார்கள். சயம் என்றால் தேய்வு. ஆள் நாளுக்கு நாள் மெலிந்து, தோலும் எலும்புமாகத் தெரிவதைப் பார்த்து வைத்த பெயர் இது. ஆனால் உண்மையில் பெரிதும் கரைவது எலும்பல்ல. அதை மூடியிருக்கும் தசைதான். காசநோயில் மட்டுமல்ல, நீரிழிவு (சீனி வியாதி), சிறுநீரக நோய், இருதய பலவீனம், நாள்பட்ட மூச்சு வருத்தம், புற்றுநோய் ஆகியவற்றிலும் இது நடக்கிறது.

தசை ஏன் கரைகிறது?

நம் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தசை. கூடையைச் சுமப்பது, மலை ஏறுவது, கவ்வாத்து வெட்டுவது எல்லாம் அதன் வேலை. தசை புரதத்தால் ஆனது. ஒவ்வொரு நாளும் அதில் கொஞ்சம் உடைகிறது, கொஞ்சம் புதிதாகக் கட்டப்படுகிறது. சுகமாக இருக்கும்போது இரண்டும் சரிக்குச் சரி.

நோய்க் கிருமியோடு உடல் மாதக்கணக்கில் போராடும்போது சில இரசாயனப் பொருட்களை இரத்தத்தில் விடுகிறது. இவை மூன்று வேலை செய்கின்றன: பசியைக் குறைக்கின்றன, காய்ச்சலை உண்டாக்கி உடலின் சக்தியைச் செலவழிக்கின்றன, தசையை உடைக்கும் வேலையை வேகப்படுத்துகின்றன. உடைந்த புரதத்தை எடுத்து ஈரல் நோயோடு போராடத் தேவையானவற்றைச் செய்கிறது. உடலை மெலிய வைக்கும் இப்படியொரு பொருளும், கட்டிகளை அழிக்கும் என்று அறியப்பட்டிருந்த வேறொரு பொருளும் ஒன்றே என்பதை 1985 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள்.

விறகு இல்லாத வீட்டில் கூரைக் கைமரத்தை உருவி அடுப்பெரிப்பது போலத்தான் இது. அன்றைக்கு உலை கொதிக்கும், வீடு நிற்காது.

சாதாரணப் பட்டினியில் உடல் கொழுப்பைக் கூடுதலாக எரித்து, தசையை முடிந்தவரை காப்பாற்றும். நோயில் அப்படி இல்லை. கொழுப்போடு தசையும் சேர்ந்தே போகும். அதனால்தான் நோயாளிக்கு ‘நல்லா சாப்பிடு’ என்று சொன்னால் மட்டும் போதாது. நோய்க்கு மருந்தும் வேண்டும், புரதச் சாப்பாடும் வேண்டும், உடல் அசைவும் வேண்டும்.

எப்படித் தெரிந்துகொள்வது?

- சட்டை, ரவிக்கை, வளையல் தொளதொளவென்று ஆவது
- நெற்றியின் இரு ஓரமும் குழி விழுவது
- கையை ஊன்றாமல் எழும்ப முடியாமல் போவது
- வழக்கமாக எடுக்கும் கொழுந்துக் கிலோ குறைவது

கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். கிலோ குறைந்தால் அரைப்பேர் விழும். ‘வேலைக் கள்ளி, சோம்பேறி’ என்று ஏச்சும் கிடைக்கும். ஆனால் சோம்பலாக இருக்காது, நோயாக இருக்கலாம். வருத்தத்தை மறைத்து வேலைக்குப் போனால் நோயும் முற்றும், லயத்தில் மற்றவர்களுக்கும் தொற்றும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு இருந்தால் உடனே தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லுங்கள். அரசாங்க வைத்தியசாலைகளில் சளிப் பரிசோதனையும் காசநோய் மருந்தும் இலவசம். டாக்டர் கோச் இந்நோயின் கிருமியை 1882 மார்ச் 24 இல் உலகுக்கு அறிவித்தார். அது செய்வினையும் அல்ல, பரம்பரைச் சாபமும் அல்ல. சாதாரணமாக 6 மாதம் மருந்து குடித்தால் குணமாகும். கொஞ்சம் சுகமானதும் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமி உண்டாகும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

நோயாளிக்கு வெறும் கஞ்சியும், ரொட்டியும் தேத்தண்ணியும் மட்டும் கொடுப்பது நம் வழக்கம். அதில் மாச்சத்து உண்டு, புரதம் குறைவு. 45 கிலோ எடையுள்ள நோயாளிக்கு நாளுக்கு ஏறக்குறைய 55 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் மைசூர்ப் பருப்பில் சுமார் 24 கிராம். நெத்தலிக் கருவாடு, சோயா மீட், கடலை, பயறு, பால் எல்லாம் நல்லது. பசி இல்லாவிட்டால் மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறாகப் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர் மட்டும் புரத அளவை டாக்டரிடம் கேட்டே கூட்ட வேண்டும்.

அடுத்தது அசைவு. ‘படுத்தே கிட’ என்று சொல்லாதீர்கள். படுக்கையும் தசையைத் தின்னும். காய்ச்சல் இறங்கியதும், டாக்டரின் சொற்படி, லயத்து வாசலில் நடக்கட்டும். கதிரையிலிருந்து எழும்பி உட்காரட்டும், முதலில் 5 தடவை, பிறகு 10 தடவை. போன தசை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். அதற்கு மாதங்கள் பிடிக்கும். ஆகவே சுகமானவரை முதல் நாளே பாரமான வேலைக்கு அனுப்பாதீர்கள்.

மாதர் கூட்டத்தில் பேசிப் பார்க்க:

1. பட்டினியால் மெலிவதற்கும் நோயால் மெலிவதற்கும் என்ன வித்தியாசம்?
2. நம் லயத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவர் யார்? அவரோடு டிஸ்பென்சரிக்குத் துணை போவது யார்?
3. இன்றைய சாப்பாட்டில் புரதம் எவ்வளவு இருந்தது?