பெட்ரோல் கார் சைலன்சர்ல நாத்தமா? 500 ரூபாய் வேலையை 50,000 ஆக்கிடாதீங்க!

ஓசூர்ல இருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு தினமும் கார்ல போறவரா நீங்க? அத்திப்பள்ளி நெரிசல்ல நிக்கும்போது சைலன்சர் புகை நாறுதா? என்ன செலவு வரப்போகுதுன்னு அந்த வாடையே சொல்லிடும்.

1. பச்சை பெட்ரோல் வாடை: பெட்ரோல் முழுசா எரியலை. முதல்ல ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், இக்னிஷன் காயில் பாருங்க.

2. அழுகிய முட்டை வாடை: பெட்ரோலில் உள்ள கந்தகம்தான் காரணம். பிஎஸ்6 பெட்ரோலில் அது 10 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது. அப்படியும் வாடை தொடர்ந்தால் ஆக்சிஜன் சென்சார், இன்ஜெக்டர், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மூணையும் சோதிக்கணும்.

3. இனிப்பு வாடை, நிக்காத வெள்ளைப் புகை: கூலன்ட் எஞ்சினுக்குள்ள கசியுது. ஓட்டாதீங்க, டோ பண்ணுங்க.

4. ஆயில் கருகுற வாடை, நீலப் புகை: எஞ்சின் ஆயில் எரியுது. பிஸ்டன் ரிங், வால்வ் சீல் தேய்ஞ்சிருக்கலாம்.

இதுல பணப் பாடம் என்ன? முதல் வாடையை "அடுத்த சம்பளத்துல பார்ப்போம்"னு தள்ளிப்போட்டா, எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு அதையே உருக்கிடும். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கு. விலை அதனாலதான் எகிறுது. காரணத்தைச் சரி பண்ணாம மாத்தினா புதுசும் போயிடும். அதனால, மாத்தணும்னு மெக்கானிக் சொன்னா, ஓபிடி ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேளுங்க, வாரண்டியையும் பாருங்க.

பொல்யூஷன் சர்ட்டிஃபிகேட் இல்லாட்டி 10,000 ரூபாய் வரை அபராதம் தனி.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க: புகை வாடை காருக்குள்ள வந்தா உடனே ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தி, வெளியே இறங்கிடுங்க. கூடவே வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. பணத்தை விட உயிர் முக்கியம்!