சேற்றில் விழுந்த குரு

நுழையும்முன்

பிறந்த மண்ணை விட்டு வேற்றுநாட்டில் வாழ்வோரை மழைக்காலம் கடுமையாகச் சோதிக்கும். வழுக்கும் வரப்பு, ஒழுகும் கூரை, ஒரே இரவில் பெருகிவிடும் காட்டாறு ஆகியவற்றை எதிர்கொள்ளும் வழியை இலக்கண நூல்கள் சொல்லித் தருவதில்லை. அதற்குரிய சொற்கள் மக்கள் நாவில்தான் வாழ்கின்றன. அச்சொற்களின் அருமையை உணர்ந்து, அன்றாட இடர்களையே பாடமாக்கிய அயல்நாட்டு அறிஞர் ஒருவரின் நூலை இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

மழையை நம்பிய மண்

புதுக்கோட்டை மாவட்டம் வற்றாத ஆறுகள் இல்லாத நிலப்பரப்பு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையைக் கண்மாய்களிலும் குளங்களிலும் தேக்கியே இம்மக்கள் உழவு செய்து வந்துள்ளனர். ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகக் கிடக்கும் வெள்ளாறு, மழை வலுத்தால் கரையைத் தொட்டு ஓடும். நேற்று நடந்து கடந்த ஆற்றை இன்று கடக்க இயலாது. ஆறு எப்போது உறங்கும், எப்போது விழிக்கும் என அறியாதவர் ஆபத்தில் சிக்குவர்.

இம்மாவட்டத்தில் உள்ள ஆவூர், வீரமாமுனிவர் பணியாற்றிய ஊர்களுள் ஒன்று. இத்தாலியில் 1680ஆம் ஆண்டு பிறந்த அவரது இயற்பெயர் கான்ஸ்டான்டைன் ஜோசப் பெஸ்கி. முப்பது வயதளவில் இந்தியா வந்த அவர், தமிழ் கற்று, 3615 பாடல்களைக் கொண்ட தேம்பாவணி என்னும் காப்பியத்தைப் படைத்தார். 1732இல் சதுரகராதியைத் தொகுத்தார்.

ஓலையும் புள்ளியும்

அக்காலத்தில் எகர, ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிட வேண்டும் என்பது மரபு. ஆனால், எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் எழுதுவோர் அதனை விட்டுவிடுவர். அதனால் ‘எரி’ என்பதும் ‘ஏரி’ என்பதும் ஒரே வடிவில் நிற்கும். வயலைக் குறிக்கும் ‘செறு’வுக்கும் ‘சேறு’க்கும் வேறுபாடு தெரியாது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் இடம் நோக்கிப் பொருள் கொள்வர். புதிதாகக் கற்பவரோ தடுமாறுவர். நெடில்களுக்குத் தனி வடிவம் தந்து வீரமாமுனிவர் இக்குழப்பத்தைத் தீர்த்தார். அயலவரைத் தடுமாறச் செய்த இடத்தில் பிறந்த இச்சீர்திருத்தம், இன்று தமிழ் எழுதும் அனைவருக்கும் பயன்படுகிறது.

இடர்களே பாடமாக

காப்பியம் பாடிய அதே கை, மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களையும் அவர்தம் குருவையும் படைத்தது. பேச்சுவழக்கை ஒட்டிய உரைநடையில் அமைந்த பரமார்த்த குரு கதை, தமிழ் பயில வந்த ஐரோப்பியருக்குப் பயிற்சி நூலாகவும் விளங்கியது. பெஞ்சமின் பாபிங்டன் இதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1822இல் இலண்டனில் வெளியிட்டார்.

கதையில் ஆறு விழித்திருக்கிறதா எனக் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்துப் பார்க்கிறான் சீடன். ‘சுர்’ரென எழும் ஓசை கேட்டு நடுங்குகிறான். உப்புப் பொதி ஆற்றில் கரைந்ததை, ஆறே உப்பைத் திருடியதாக எண்ணி வியக்கின்றனர். கரையேறியபின் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால், ஒருவர் ஆற்றோடு போனதாக அழுகின்றனர். சிரிப்பூட்டும் இக்காட்சிகளின் அடியில் உண்மையான அச்சம் ஒன்று இருக்கிறது. திடீரென வெள்ளம் வரும் நாட்டில் ஆற்றைக் கடந்த பயணிகள் தம்மவரை எண்ணிப் பார்ப்பது இயல்பே.

அய்யனார் கோயில் மண்குதிரையின் நிழல் குளத்து நீரில் அசைவதைக் கண்டு, அதனைத் தூண்டிலிட்டுப் பிடிக்க முயல்வது மற்றொரு கதை. குளக்கரைகளில் மண்குதிரைகள் நிற்கும் காட்சி புதுக்கோட்டைப் பகுதியினருக்குப் பழக்கமானது. அயலவரான ஆசிரியர் இந்நாட்டுக் காட்சிகளை எவ்வளவு கூர்ந்து நோக்கினார் என்பதற்கு இது சான்று.

பட்டியலில் இல்லாத சொல்

குதிரைப் பயணத்தில் குருவின் தலைப்பாகை கீழே விழுகிறது. சொல்லாததால் சீடர்கள் அதனை எடுக்கவில்லை. ‘விழுவதை எல்லாம் எடுங்கள்’ என்றதும் குதிரைச் சாணத்தையும் ஏந்துகின்றனர். சினந்த குரு, எடுக்க வேண்டியவற்றை ஓலையில் எழுதித் தருகிறார். பின்னர்க் குருவே குழியில் விழுகிறார். சீடர்கள் ஓலையைப் படிக்கின்றனர்; அதில் குருவின் பெயர் இல்லை. அவரையும் பட்டியலில் சேர்த்த பின்னரே தூக்கிவிடுகின்றனர்.

இக்கதை, மொழி கற்போருக்கு ஓர் எச்சரிக்கையாகவும் அமைகிறது. சொற்பட்டியலை மனப்பாடம் செய்தவர், பட்டியலில் இல்லாத இடர் நேரும்போது செயலற்று நிற்பர். எழுதியதை மட்டும் பற்றிக்கொண்டு எழுதியதன் நோக்கத்தை மறந்தால், கண்ணெதிரே சேற்றில் கிடக்கும் மனிதரும் தெரியாமற் போவார். அகராதி தொகுத்த அறிஞரே அகராதியின் எல்லையை இவ்வாறு நகைத்துக் காட்டியது எண்ணத்தக்கது.

இன்றைய பயன்

பணிக்காகவும் கல்விக்காகவும் இன்று புதுக்கோட்டையிலிருந்து சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் பலர். வட மாநிலங்களிலிருந்து தமிழகம் வருவோரும் பலர். பேருந்து தவறும்போதும் மழையில் வழி தெரியாது நிற்கும்போதும் அவர்களுக்குத் தேவைப்படுவது ஒரு சொல்லும், அதைப் பொறுமையோடு கேட்கும் ஒரு காதுமே. பிறமொழியாளரின் தடுமாற்றத்தைக் கண்டு எள்ளி நகைப்பது எளிது. பரமார்த்த குரு கதையை எழுதியவர் எள்ளியதோ, அந்நியரின் அறியாமையை அன்று. பார்க்க மறுக்கும் மூடத்தனத்தை. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இந்நூலைக் கற்பதன் பயன் எனலாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் மழை, கண்மாய், உழவு தொடர்பாக வழங்கும் சொற்களைத் தொகுத்து, அவற்றின் பொருளைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.

2. தமிழ் அறியாத ஒருவர் உங்கள் ஊருக்கு மழைக்காலத்தில் வந்தால், முதலில் கற்றுத்தர வேண்டிய பத்துத் தொடர்கள் யாவை? காரணத்துடன் வகுப்பில் கலந்துரையாடுக.