தோல் தொழில் செய்வோர் யார்? செட்டிநாட்டுக் கிராமங்களுக்கு ஒரு பாடம்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரங்களில் உழவு மழையை நம்பி நிற்பது. வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிறைந்தால் ஒரு போகம் விளையும். தை, மாசியில் அறுவடை முடிந்தபின் அடுத்த மழைக்காலம் வரையில் பலருக்கு வயலில் வேலை இராது. இந்த இடைக்காலத்திற்கு ஏற்ற உபதொழில் எது என்னும் வினா பஞ்சாயத்துக் கூட்டங்களில் எழும்போது, நெசவைப் பற்றியும், பனையோலைக் கொட்டானைப் பற்றியும், ஆத்தங்குடிப் பூக்கல்லைப் பற்றியும் பேசுகிறோம். தோல் தொழிலைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அது இன்ன குலத்தார்க்கு உரியது என்ற எண்ணமே இதற்குக் காரணம். அவ்வெண்ணம் உண்மைக்குப் பொருந்துமா என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. பழைய ஏற்பாடு

முற்காலத்துக் கிராமத்தில் தோலின்றி உழவு நடந்ததில்லை. கிணற்று நீரை இறைக்கும் கமலைக்குத் தோல் வால் வேண்டும். மாட்டுக்குக் கழுத்துப்பட்டை வேண்டும். முள் நிறைந்த காட்டுவழியில் நடக்கச் செருப்பு வேண்டும். மஞ்சுவிரட்டுக் காளைக்குச் சலங்கை கோத்த பட்டையும், கோயில் விழாவுக்குப் பறையும் தவிலும், கருப்பர் சன்னிதியில் நேர்த்திக்கடனாக வைக்கும் ஆணிச் செருப்பும் தோலால் ஆனவையே.

இவற்றைச் செய்தவர்கள் ஆண்டு முழுவதும் தோல் வேலை மட்டுமே செய்து பிழைத்தார்களா? இல்லை. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இத்தொழில் அருந்ததியர் சமூகத்தார்மீது பரம்பரையாகச் சுமத்தப்பட்டிருந்தது. அவர்களில் மிகப் பலர் பண்ணையாட்களாகவும் விவசாயக் கூலிகளாகவும் ஜீவித்தவர்கள். உழவும் அறுவடையுமே அவர்களுடைய அன்றாட வேலை. கமலை வால் தைப்பதும் செருப்புப் பழுது பார்ப்பதும் அதனோடு சேர்ந்த கடமை. இவ்வேலைக்குக் கூலி பெரும்பாலும் பணமாகக் கிடைக்கவில்லை. அறுவடைக் களத்தில் தானியமாக அளக்கப்பட்டது. அந்தப் பங்குக்குச் 'சுதந்திரம்' என்று பெயர். பெயர் அதுவாயினும், வேலையை மறுக்கும் சுதந்திரம் அவர்களுக்கு இருந்ததில்லை. செத்த மாட்டை அகற்றுவதும் அவர்கள் கடமையாகவே கருதப்பட்டது.

ஆகவே தோல் தொழிலாளியின் முதல் தொழில் உழவே என்பதை விவசாயிகள் நினைவில் கொள்ள வேண்டும். தோல் வேலை அன்றும் ஓர் உபதொழிலாகவே இருந்தது.

2. கமலையும் குரோம் தோலும்

நம் நாட்டுப் பழைய முறையில் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரையும் சதையையும் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பல நாட்கள் பதனிடுவார்கள். பிறகு கடுக்காய் நீரில் இட்டு, எண்ணெய் தடவி உலர்த்துவார்கள். நம் புன்செய்க் காடுகளில் தானாக வளரும் ஆவாரையே ஒரு காலத்தில் சென்னை மாகாணத்துத் தோல் ஏற்றுமதிக்கு அடிப்படையாக இருந்தது. ஆனால் பட்டையில் பதனிட்ட தோல் நீரில் நெடுநாள் நனைந்தால் கெட்டுவிடும். இதனால் கமலை வாலை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது.

இக்குறையை நீக்க முற்பட்டவர் ஆல்பிரட் சாட்டர்டன். அவர் தோல் வியாபாரியல்லர். சென்னையில் பொறியியல் கற்பித்த பேராசிரியர். நீரைத் தாங்கும் குரோம் தோலைக் கமலைக்குப் பயன்படுத்தும் முயற்சியைச் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் 1903-ம் ஆண்டளவில் தொடங்கினார். எண்ணெய் எஞ்சின் கொண்டு கிணற்று நீரை இறைக்கும் முறையைப் பரப்பியவரும் அவரே. கமலைக்கு நல்ல தோல் தேடியவர், கமலையையே விலக்கவல்ல இயந்திரத்தையும் கிராமத்துக்குக் கொணர்ந்தார். பிற்காலத்தில் மின்சாரப் பம்பு செட்டுகள் பெருகவே கமலை மறைந்தது. கமலையை நம்பியிருந்த தோல் வேலையும் அதனோடு மறைந்தது. வேலை போயிற்று, அதைச் செய்தவர்மீது சுமத்தப்பட்ட இழிவு மட்டும் போகவில்லை.

3. வேறு தொழில்களிலிருந்து வந்தவர்கள்

சாட்டர்டனைப் போலவே வேறு பலரும் பிற தொழில்களிலிருந்து தோலுக்கு வந்துள்ளனர். மகாத்மா காந்தி வழக்கறிஞர். அவருடைய நண்பர் ஹெர்மன் காலன்பாக் கட்டடக் கலைஞர். தென்னாப்பிரிக்காவில் 1910-ம் ஆண்டு தால்ஸ்தாய் பண்ணை அமைந்தபோது, காலன்பாக் மாரியன்ஹில் மடத்துத் துறவிகளிடம் சென்று செருப்புத் தைக்கக் கற்றுவந்தார். அவரிடமிருந்து காந்தியும் பண்ணைவாசிகளும் கற்றனர். அப்பண்ணையில் தமிழ்க் குடும்பங்களும் வாழ்ந்தன. காந்தி தம் கையால் செய்த ஒரு ஜோடிச் செருப்பை ஜெனரல் ஸ்மட்ஸுக்கு அளித்தார். காந்தியின் எழுபதாம் பிறந்த நாளையொட்டி 1939-ம் ஆண்டில் ஸ்மட்ஸ் அதனை மரியாதையுடன் திருப்பி அனுப்பினார்.

வங்காளத்தில் சதீஷ் சந்திர தாஸ் குப்தா ரசாயனத் தொழிற்சாலையில் பணியாற்றிய நிபுணர். அவர் பின்னர் கதர்ப் பணியில் இறங்கி, இயற்கையாக இறந்த கால்நடைகளின் தோலைக் கிராமத்திலேயே பதனிடும் முறைகளை ஆராய்ந்தார். சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக 1958 முதல் 1971 வரை விளங்கிய டாக்டர் ஒய். நாயுடம்மா, குண்டூர் மாவட்டத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். காசியிலும் அமெரிக்காவிலும் பயின்ற அவர், தம் அறிவைத் தோலுக்கே அர்ப்பணித்தார்.

வழக்கறிஞர், கட்டடக் கலைஞர், பேராசிரியர், ரசாயன நிபுணர், உழவர் மகன் என்று இவர்கள் பலவகைப்பட்டோர். தோலைக் கையால் தொட்டதனால் இவர்களுள் எவருக்கும் மதிப்புக் குறையவில்லை. அதே தோலை அதே கையால் தைத்த கிராமத்துத் தொழிலாளிக்கு மட்டும் மதிப்பு ஏன் மறுக்கப்பட்டது? இவ்வினாவை ஒவ்வோர் ஊரும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

4. செட்டிநாட்டின் பங்கு

இத்தொழிலின் கல்விக்குச் செட்டிநாடு செய்த உதவி சிறிதன்று. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பிறந்த டாக்டர் அழகப்பச் செட்டியார் அளித்த ஐந்து லட்ச ரூபாய் நன்கொடையால் 1944-ம் ஆண்டில் சென்னையில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. தோல் தொழில்நுட்பப் பட்டப் படிப்பு, மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் ஒத்துழைப்புடன் இக்கல்லூரியில் கற்பிக்கப்பட்டு வருகிறது. 1948-ம் ஆண்டில் நிறுவப்பெற்ற அந்நிலையமும், அவ்வாண்டே காரைக்குடியில் அடிக்கல் நாட்டப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் ஒரே விஞ்ஞானக் குழுவின் கீழ் இயங்கும் உடன்பிறப்புகள்.

5. இன்றைய தொழிலாளர்

இன்று தோல் வேலை செய்வோரை மூன்று பிரிவினராகக் கொள்ளலாம். முதலாவது, பஸ் நிலையத்து ஓரத்திலும் சந்தையிலும் அமர்ந்து செருப்புத் தைப்போர். பரம்பரைத் தொழிலாளர் பலர் இப்பிரிவில் உளர். இரண்டாவது, ஆம்பூர், இராணிப்பேட்டை, செய்யாறு வட்டாரத் தொழிற்சாலைகளில் காலணி தயாரிப்போர். இவர்களுள் பெண்கள் மிகுதி. விவசாயக் குடும்பங்களிலிருந்து வருவோர் பலர். மூன்றாவது, நகரங்களில் அலுவலகப் பணி செய்துகொண்டே ஓய்வு நேரத்தில் பணப்பை, இடைவார், கைப்பை முதலியவற்றைத் தைத்து மகிழ்வோர். சிலர் அவற்றை விற்றுச் சிறு வருவாயும் பெறுகின்றனர்.

சிறு அளவில் தொடங்கத் தோல் வெட்டும் கத்தி, குத்தூசி, மெழுகிட்ட நூல், அடிக்கட்டை ஆகியவை போதும். ஆனால் ஓர் எச்சரிக்கை. தோல் பதனிடும் வேலையைக் கிராமத்தில் தொடங்கலாகாது. சுண்ணாம்பும் உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் கண்மாயையும் ஊருணியையும் கெடுத்துவிடும். பாலாற்றுப் படுகைக்கு நேர்ந்த கேட்டைக் கண்டித்து உச்ச நீதிமன்றம் 1996-ம் ஆண்டில் அளித்த தீர்ப்பு எல்லோரும் அறிந்தது. பதனிட்ட தோலை விலைக்கு வாங்கி, வெட்டித் தைக்கும் வேலையை மட்டும் மேற்கொள்வதே நமக்கு ஏற்றது.

கால்நடை வளர்ப்போரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாட்டின் உடலில் சூடு போடுவதாலும், முள்வேலிக் கீறலாலும், உண்ணி கடித்த வடுக்களாலும் தோலின் மதிப்புக் குறைகிறது. கால்நடையை நோயின்றிக் காப்பது பாலுக்கு மட்டுமன்றித் தோலுக்கும் நன்மை தரும்.

6. பஞ்சாயத்தின் கடமைகள்

முதற் கடமை சட்டத்தை அறிவது. செத்த பிராணியை அகற்றும்படியோ தோலை உரிக்கும்படியோ ஒருவரைத் தீண்டாமையின் பேரால் கட்டாயப்படுத்துவது, 1955-ம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட பிரிவின்படி குற்றமாகும். தாழ்த்தப்பட்ட மக்களைச் செத்த பிராணிகளை அகற்றச் செய்வது, 2015-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றம். 'ஊர் வழக்கம்' என்பது இதற்குச் சமாதானமாகாது. இறந்த கால்நடையை அகற்றப் பஞ்சாயத்தே வண்டியும், புதைக்க இடமும், உரிய கூலியும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இரண்டாவது, செருப்புத் தைப்போருக்கு வெயில் மழை படாத இடம் ஒதுக்குவது. பஸ் நிற்கும் இடத்தருகே கூரையிட்ட ஒரு சிறு கடை கிடைத்தால் அவர்களுடைய வேலை நாட்கள் கூடும்.

மூன்றாவது, பயிற்சியும் கடனும் கிடைக்கும் வழிகளைக் கூறுவது. தாழ்த்தப்பட்ட மக்களுக்கான தாட்கோ நிறுவனம் 1974-ம் ஆண்டு முதல் செயல்பட்டு வருகிறது. கைவினைஞர்களுக்கெனத் தமிழக அரசு 2025-ம் ஆண்டில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில், குடும்பத் தொழிலாக இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. எந்தத் திட்டத்திற்கும் அப்போதுள்ள விதிகளை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறிந்து விண்ணப்பிக்க வேண்டும்.

நான்காவது, கட்டாயமின்மை. தோல் தொழிலைக் கைவிட்டு வேறு வேலைக்குச் செல்ல விரும்பும் இளைஞனைத் 'தாத்தன் தொழிலை விடாதே' என்று தடுத்தல் தவறு. அத்தொழிலைக் கற்க விரும்பும் வேறு குடும்பத்துப் பிள்ளையை 'அது நமக்கு வேண்டாம்' என்று தடுத்தலும் தவறே. விரும்புவோர் வரவும், விரும்பாதோர் விலகவும் வழி திறந்திருந்தால்தான் கைத்தொழில் வளரும்.

கலந்துரையாடலுக்கு வினாக்கள்

1. நம் ஊரில் இறந்த கால்நடைகளை அகற்றுவோர் யார்? அவர்கள் விருப்பத்துடன், கூலி பெற்றுச் செய்கின்றனரா?

2. நம் ஊர்த் தோல் தொழிலாளர் ஆண்டில் எத்தனை மாதம் வயல் வேலை செய்கின்றனர்? எத்தனை மாதம் கைத்தொழில் செய்கின்றனர்?

3. அறுவடைக்குப் பின்னுள்ள ஓய்வு மாதங்களில் தையற் பயிற்சி பெற விரும்பும் ஆண்களும் பெண்களும் எத்தனை பேர்?

இவ்வினாக்களுக்கு உண்மையான விடைகளைத் திரட்டி அடுத்த கிராம சபையில் வைப்பது பஞ்சாயத்து அங்கத்தினர்கள் உடனே செய்யக்கூடிய பணியாகும்.