ஏரிக்கரை இணைய மையத்துக்கு எந்த வடிகட்டி?

புதுச்சேரியை ஒட்டிய வீராம்பட்டினத்தில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களின் இறுதியில் தொடங்கிய அறிவு மையம், வங்கக் கடலின் அலை உயரத்தை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தது. கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க அது மீனவர்களுக்கு உதவியது. தளங்களை வகைபிரித்துத் தடுக்கும் இன்றைய ஃபயர்வால்களின் பட்டியல்களில் ‘ஆயுதப் படைகள்’ என்ற வகையும் உண்டு. அப்படியொரு வகையை அன்று யாராவது யோசிக்காமல் மூடியிருந்தால் அலைச் செய்தியும் நின்றிருக்கும்.

எனவே பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவு போன்ற ஊரின் பள்ளிக் கணினி அறைக்கோ இணைய மையத்துக்கோ இணையதள வடிகட்டி தேடுபவர்கள் விலையோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும். தவறாக அடைபட்ட தளத்தை யார், எவ்வளவு சீக்கிரம் திறப்பார்?

டிஎன்எஸ் வடிகட்டி

ரௌட்டரில் டிஎன்எஸ் முகவரியை மாற்றினால் போதும். கிளவுட்ஃபிளேரின் 1.1.1.3, ஓப்பன்டிஎன்எஸ் ஃபேமிலிஷீல்டின் 208.67.222.123 இரண்டும் இலவசம். ஆபாசத் தளங்களைத் தடுக்கும். இவற்றில் வகைகளை நாமே தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு தளத்தின் ஒரு பக்கத்தை மட்டும் மூடவும் வழியில்லை. கைப்பேசியில் மொபைல் டேட்டாவுக்கு மாறினால் தடை விலகிவிடும்.

பழைய கணினியில் திறமூல ஃபயர்வால்

ஓபிஎன்சென்ஸ் போன்ற மென்பொருளை நிறுவி, பிரான்சின் துலூஸ் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் வகைப்பட்டியலை இணைக்கலாம். உரிமக் கட்டணம் இல்லை. தமிழ்த் தளங்கள் பல அந்தப் பட்டியலில் இருக்காது என்பதால், விடுபட்டவற்றைக் கையால் சேர்க்கவும் பழுது பார்க்கவும் ஊரிலேயே ஆள் வேண்டும்.

சந்தா ஃபயர்வால்

ஃபோர்ட்டிகேட், சோஃபோஸ் போன்ற கருவிகளில் வகைவகையாக அனுமதி, கண்காணிப்பு, எச்சரிக்கை, தடை என்று அமைக்கலாம். மாணவருக்கு ஒரு விதி, ஆசிரியருக்கு இன்னொன்று, மாலை ஐந்துக்குப் பின் வேறொன்று என்றும் வகுக்கலாம். எந்த வலை எங்கே, யார் முறை எப்போது என்று ஏரியில் ‘பாடு’ என்னும் மீன்பிடி முறை வகுத்த ஊர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. செலவுதான் ஆண்டுதோறும் திரும்பி வரும். சந்தா முடிந்தபின் வகை தெரியாத தளங்களைக் கருவி திறக்குமா மூடுமா என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எச்டிடிபிஎஸ் தளங்களில் ஃபயர்வாலுக்குப் பெரும்பாலும் தளத்தின் பெயர் மட்டுமே தெரியும். உள்ளே பார்க்க ஒவ்வொரு கணினியிலும் சான்றிதழ் பதிக்க வேண்டும். அப்படிச் செய்தால் வங்கித் தளங்களுக்கு விலக்கு கொடுத்துவிட வேண்டும்.

பத்துக் கணினிகளுக்குள், பராமரிக்க ஆளில்லாத இடத்துக்கு முதல் வழியே போதும். கணினி தெரிந்த ஆசிரியர் ஒருவர் நிலையாக இருந்தால் இரண்டாவது வழி நல்லது. பல பள்ளிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்புக்கு மூன்றாவது வழியின் செலவு தகும்.

வகைகளை அமைக்க முடிந்த கருவியில், முதல் இரண்டு வாரம் எதையும் தடுக்காமல் ‘கண்காணிப்பு’ நிலையில் விட்டு, பதிவேட்டைப் படிப்பது நல்லது. அதற்கு முன்பே வானிலைத் துறையின் தளத்தையும், மீன்வளப் பகுதிகளையும் அலை முன்னறிவிப்பையும் தரும் ஹைதராபாத் இன்காய்ஸ் மையத்தின் தளத்தையும் எப்போதும் அனுமதிக்கும் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். மார்பகப் புற்றுநோய் பற்றிய ஒரு மருத்துவப் பக்கம் திறக்கிறதா என்றும் சோதிக்கலாம். வெறும் சொல்லைப் பார்த்துத் தடுக்கும் வடிகட்டி அங்கே பிடிபட்டுவிடும். தடைப் பக்கம் தமிழில் இருக்கட்டும்; திறந்துவிடும் பொறுப்பாளரின் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கட்டும்.