குடல் ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்கேன் எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. பெருங்குடலில் கட்டி இருந்ததால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, குடலின் இரண்டு முனைகளையும் இணைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் ரத்தம் எடுத்து ‘சி.ஆர்.பி.’ பார்த்தார்கள். முதலில் 148, பிறகு 61. “நன்றாக இறங்கிவிட்டது, வீட்டுக்குப் போகலாம்” என்கிறார்கள். ஸ்கேன் எடுக்கவில்லை. உள்ளே போட்ட தையல் பிரியவில்லை என்று ரத்தத்தை வைத்து எப்படிச் சொல்ல முடியும்? எங்கள் ஊர் கொல்லிமலையில், செம்மேட்டுக்கும் அப்பால். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். அந்தக் குலுக்கலில் தையல் விட்டுவிடாதா? மேலே போன பிறகு ஏதாவது ஆனால் எங்களுக்கு எப்படித் தெரியும்?
– ஒரு வாசகி, கொல்லிமலை

பதில்: அவசரம் கருதி உங்களுக்கு அன்றே போனில் சொல்லிவிட்டேன். மலை கிராமங்களில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் பயம் நியாயமானது. குடலை இணைத்த இடம் சரியாகக் கூடாமல் கசிவதுதான் இந்த ஆபரேஷனில் எங்களுக்கும் பெரிய கவலை. பெருங்குடலில் இணைப்பு போட்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேருக்கு இது நேரலாம். ஆசனவாய்க்குப் பக்கத்தில் இணைத்தால் இன்னும் அதிகம். கசிந்த மலமும் கிருமியும் வயிற்றுக்குள் பரவினால் சில மணி நேரத்தில் நிலைமை மோசமாகிவிடும். ஆனால் வண்டியின் குலுக்கலால் அந்த இணைப்பு பிரியாது. அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவது, இழுவிசை, சர்க்கரை நோய், புகைப்பழக்கம், சத்துக்குறைவு, ஸ்டீராய்டு மருந்துகள் போன்றவைதான் காரணம். தாராளமாக மலை ஏறலாம். முன் சீட்டில் உட்கார வைத்து, வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெளித் தையல் வலிக்காமல் இருக்கும்.

இனி சி.ஆர்.பி. இது கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். 1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். உடம்பில் எங்கே காயமோ கிருமியோ இருந்தாலும் சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கும். ஆபரேஷனும் ஒரு காயம்தானே, அதனால் எல்லோருக்கும் இரண்டு, மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். தூண்டுதல் நின்றுவிட்டால் ஒரு நாளைக்குள்ளேயே பாதியாகக் குறையும் குணம் இதற்கு உண்டு. ஆகவே மூன்றாம் நாளுக்குப் பிறகும் இறங்க மறுத்தாலோ, இறங்கி மறுபடி ஏறினாலோ உள்ளே ஏதோ எரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எத்தனை இருந்தால் நிம்மதி? 2014-ல் ஏழு ஆய்வுகளைச் சேர்த்து, 2,483 நோயாளிகளின் விவரங்களை அலசிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் 172, நான்காம் நாள் 124, ஐந்தாம் நாள் 144 என்ற அளவுகளுக்குக் கீழே இருந்தவர்களில் நூற்றுக்கு 97 பேருக்குக் கசிவு இல்லை. உங்கள் அப்பாவின் எண்கள் இரண்டுமே இந்த எல்லைக்குள் இருக்கின்றன, இறங்குமுகமாகவும் இருக்கின்றன. டாக்டர்கள் சொன்னது சரிதான். ஆனால் இதே பரிசோதனை மறுபக்கம் பலவீனமானது. அளவு எல்லையைத் தாண்டியவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் உண்மையில் கசிவு இருந்தது. மற்றவர்களுக்கு நெஞ்சுச் சளியோ, சிறுநீர்த் தொற்றோ, வெளிப்புண்ணில் சீழோ இருக்கலாம். அதிகமாக இருக்கிறது என்றால் தேட வேண்டும், அப்போதுதான் ஸ்கேன். எல்லோருக்கும் முதலிலேயே எடுப்பதில் பயன் குறைவு. ஆபரேஷன் முடிந்த சில நாட்களுக்கு வயிற்றில் காற்றும் நீரும் இருப்பது இயல்பு. எது கசிவு என்று பிரித்துச் சொல்வது கடினம், தப்பிப்போவதும் உண்டு.

ரிப்போர்ட்டைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில லேப்கள் ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்றும், சில லேப்கள் ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை என்றும் எழுதும். முதல் முறையில் 148 என்பது இரண்டாவதில் 14.8. சேலத்தில் ஒரு லேப், நாமக்கல்லில் இன்னொன்று என்று பார்த்துவிட்டு, “பத்தில் ஒரு பங்காகிவிட்டது” என்று சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. நான் மேலே கொடுத்தவை எல்லாம் லிட்டர் கணக்கு.

புரோகால்சிட்டோனின் என்று இன்னொரு பரிசோதனை இருக்கிறது. பாக்டீரியா தொற்றைச் சற்றுக் கூர்மையாகக் காட்டும், செலவும் அதிகம். எல்லோருக்கும் தேவையில்லை.

வீட்டுக்குப் போன பிறகும் கசிவு தெரியவரலாம். ஐந்தாம் நாள் சி.ஆர்.பி. பத்தாம் நாளுக்கு உத்தரவாதம் தராது. அதனால் முதல் இரண்டு வாரம் நீங்களே தினமும் காலை, மாலை நாடியைப் பாருங்கள். அப்பா பத்து நிமிடம் படுத்திருந்த பிறகு, அவர் கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். மூச்சையும் எண்ணி, ஒரு நோட்டில் எழுதுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வருபவரிடம் பி.பி. கருவி இருந்தால் அதிலேயே நாடித் துடிப்பும் தெரியும். ஓய்வில் நாடி 100-ஐத் தாண்டுவதும் மூச்சு 20-ஐத் தாண்டுவதும் பல நேரம் காய்ச்சலுக்கு முன்பே வரும் அறிகுறிகள். அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடி ஏறாமலே இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள். பாராசிட்டமால் போட்டால் காய்ச்சல் மறைந்துவிடும். மாத்திரைக்கு முன் தெர்மாமீட்டர் வையுங்கள். 100.4 டிகிரிக்கு மேல் என்றால் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் காய்ச்சலே வராமலும் போகலாம்.

குறைந்துவந்த வயிற்றுவலி திரும்ப ஏறுவது, வயிறு உப்பிக் கல்லாவது, வாயு பிரியாமல் போவது, விடாத விக்கல், சிறுநீர் குறைவது, ஆள் குழம்பிப் பேசுவது எல்லாம் ஆபத்து அறிகுறிகள். மலைப்பாதையில் வாந்தி வருவது சகஜம். வீடு சேர்ந்து படுத்தால் நின்றுவிடும். மறுநாளும் வந்தால், பச்சையாக வந்தால், அது வளைவுகளால் வந்ததல்ல.

இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் விளக்கெண்ணெய் கொடுப்பது, வயிற்றில் தடவிவிடுவது, பக்கத்தில் ஊசி போட்டுப் பார்ப்பது எதுவும் வேண்டாம். சாப்பாடு, தண்ணீர் கொடுப்பதையும் நிறுத்துங்கள். சமவெளியில் இருப்பவர் இரண்டு மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கக்கூடும். உங்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் பாதையிலேயே போய்விடும். டிஸ்சார்ஜ் சீட்டில் சி.ஆர்.பி. எண்களையும் அவை எந்த நாளில் எடுத்தவை என்பதையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். சீட்டையும் நோட்டையும் ஒரே பையில் வையுங்கள். சந்தேகம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைத்து, ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே போங்கள். அவ்வளவு தூரம் தாங்காது என்று தோன்றினால் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்கிவிடுங்கள்.