வேதாளமும் வாம்பயரும்

“வேதாளம் என்றால் வாம்பயர்தானே?” ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் நம் வாஷிப் பிள்ளைகள் இப்படிக் கேட்பதுண்டு. இல்லை என்று மட்டும் சொன்னால் போதாது. இரண்டும் எப்படி ஒன்றாகக் கருதப்பட்டன என்பதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

செத்தவன் எழுந்து வந்து ரத்தம் குடிப்பான் என்பது ஐரோப்பியக் கிராமங்களின் பழைய பயம். 1819-இல் போலிடோரி எழுதிய கதை அதை ஆங்கில இலக்கியத்தில் நிலைநிறுத்தியது. 1872-இல் லெ ஃபானுவின் ‘கார்மில்லா’வும், 1897-இல் பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வும் வந்தன. பிற்காலப் பேய்ப் படங்கள் பலவற்றுக்கு டிராகுலாவே மூலவர்.

நம் வேதாளம் இவர்களுக்கெல்லாம் மூத்தது. 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்திலேயே அதைக் காணலாம். தமிழில் வழங்கிய வேதாளக் கதையை, சென்னையில் பணியாற்றிய பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் மொழிபெயர்த்து 1831-இல் லண்டனில் வெளியிட்டார். ‘வேதாள கதை’ என்ற தமிழ்ப் பெயரையே நூலுக்கு வைத்தார். 39 ஆண்டுகளுக்குப் பின், 1870-இல், முன்பு பம்பாய்ப் படையில் அதிகாரியாக இருந்த ரிச்சர்ட் பர்ட்டன் 11 கதைகளைத் தழுவி எழுதி, ‘விக்ரமும் வாம்பயரும்’ என்று பெயரிட்டார். அந்நூல் புகழ்பெற்றது, பெயரும் ஒட்டிக்கொண்டது.

ஆனால் டிராகுலா கழுத்தைக் கடிக்கிறான். வேதாளமோ கேள்வி கேட்கிறது. ஒரு பெண் இறந்துவிடுகிறாள். அவளை மணக்க விரும்பிய மூவரில் ஒருவன் சாம்பலைக் காத்துச் சுடுகாட்டிலேயே படுத்திருந்தான். ஒருவன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டு சென்றான். ஒருவன் மந்திரம் கற்று வந்து அவளை உயிர்ப்பித்தான். அவள் யாருக்கு மனைவி? விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் விக்கிரமாதித்தன் தலை வெடித்துவிடும். வாய் திறந்தால் வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். முடிவில், மன்னனைப் பலியிடக் காத்திருந்த வஞ்சகனிடமிருந்து அவனைக் காப்பாற்றுவதும் இந்த வேதாளமே.

கொங்கண மக்களுக்கு வேதாளம் காவல் தெய்வம். சிந்துதுர்க் மாவட்டத்து ஆரவலியில் வேதோபாவுக்குப் பெரிய தோல் செருப்புகளைக் காணிக்கை செலுத்துகிறார்கள். இரவில் ஊரைச் சுற்றிவரும்போது அவை தேய்ந்துவிடும் என்பது நம்பிக்கை. நம் ஊர் எல்லையில் நிற்கும் அய்யனார் நினைவுக்கு வருகிறார் அல்லவா?

இன்றிரவு அந்த மூவர் கதையைப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லுங்கள். விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். உயிர் தந்தவன் தந்தை, எலும்பைக் கங்கையில் சேர்த்தவன் மகன், உடனிருந்தவனே கணவன் என்பது மன்னன் தீர்ப்பு. அதை அவர்கள் ஏற்கிறார்களா, மறுக்கிறார்களா என்று கேளுங்கள். வேதாளம் யார் என்பது தானாகவே விளங்கிவிடும்.